எட்டாவது பிட்

சிம்மக்கல்லில் அச்சகத்தின் பின்னறை.
ஒன்பது அங்குலத் திரைக்கு முன்னால்
நான், மவுஸ் துடைக்கும் பழந்துணி,
மூன்று பிளாப்பிகள்.

முதலாவது பம்பாயிலிருந்து வந்தது.
திறந்தால் குட்டித் தொலைபேசிப் படம்,
சுட்டினால் கண்சிமிட்டும்.
"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு ஜெசிந்தா,
இதையே வெச்சுக்கலாம்" என்றார் துளசிராம் சார்.

இரண்டாவது, மில் பொறியாளர் ஒருவர்
நகலெடுத்துத் தந்தது.
வேகம் எவ்வளவு, பேரிட்டி ஒற்றையா இரட்டையா,
ஸ்டாப் பிட் ஒன்றா இரண்டா,
பெண் பார்க்க வந்த வீட்டார் போலக்
கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதற்குப் படமே இல்லை.
வெள்ளைத் திரையில் துடிக்கும் ஒரு கோடு.
நாம் வாய் திறக்கும்வரை
அதுவும் திறக்காது.

பதினொன்றுக்கு மேல் எஸ்டிடி கால் கட்டணம்.
அதற்குப் பிறகுதான் சோதனை.
பெரியார் நிலையத்தில் நாலு பஸ்
ஒன்றாக பிரேக் போட்டது போல
மோடம் கத்தி ஓயும்.
மறுமுனையில் ராயப்பேட்டை,
பத்திரிகை அலுவலகத்தில் வேம்புலி.
அவர் குரல் எப்படி இருக்கும், தெரியாது.
ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவார்.

முதல் இரவு
குட்டித் தொலைபேசி "சேர்ந்தது" என்று சிரித்தது.
வேம்புலி கேட்டார்:
இது என்ன பாஷைங்க?

எங்கள் எழுத்துருவில்
உயிரும் அகர வரிசையும் கீழ்வீட்டில்,
ஆங்கிலத்தின் நாற்காலிகளில்.
புள்ளி வைத்தவர்கள்
இடம் பற்றாமல்
நூற்றிருபத்தெட்டுக்கு மேலே, மாடியில்.
மாடிக்கு ஏற எட்டாவது பிட் வேண்டும்.
அந்த மென்பொருளுக்கு ஏழு போதும்.
எட்டாவதை உருவிப் போட்டுவிடும்,
மேல்வீட்டார் கீழ்வீட்டார் மடியில் வந்து விழுவார்கள்.
அதை எழுதியவர்களின் மொழிக்கு
ஏழிலேயே மிச்சம் இருந்தது.

இரண்டாம் இரவு எட்டும் போனது, பாதி வழி.
மாடியில் சாரின் மனைவி ரிசீவரை எடுத்து
"யாரு?" என்றார்.
அந்த ஒரு சொல்
மூன்று வரி அலைகோடும் அடைப்புக்குறியுமாக
என் திரையில் கொட்டியது.
கேள்விக்காரர் கோபித்துக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்:
வேகம் எவ்வளவு?

வியாழன் இரவு பத்தரைக்கு
சோதனைக்கு அல்லாத ஒன்று வந்தது.
கண்ணீர் அஞ்சலி, கால் பக்கம்.
உசிலம்பட்டி ஒச்சப்பன்,
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.
மகன் வாசல் நடையிலேயே நின்றார்,
செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல்.
"மெட்ராஸ் பேப்பர்ல காலைல வந்துருமாக்கா?
பேரு தப்பாயிறக் கூடாது."

ஆறு எழுத்து.
அதில் மூன்று மேல்வீட்டுக்காரர்கள்.
படத்தொலைபேசியில் அனுப்பினால்
பாதி ஒச்சப்பன்தான் போய்ச் சேர்வார்.

மூன்றாவதைப் போட்டேன்.
தொகுதி ஒன்பது: பிழை. மறுபடி.
தொகுதி பதினொன்று: பிழை. மறுபடி.
மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும்
எண் போட்டுச் சொன்னது.
கம்பியில் யாரோ இருவர்
வெங்காய லோடு பற்றிப் பேசுவது
மோடத்தின் ஒலிபெருக்கியில் மெல்லக் கேட்டது.
இருபத்திரண்டில் மாடி ரிசீவர்
திரும்பவும் எழுந்தது, அறுந்தது.
நான் தலையில் கை வைத்தேன்.
அது தானாகவே எண்ணைச் சுழற்றி
இருபத்துமூன்றிலிருந்து தொடர்ந்தது.

பத்தொன்பது நிமிடம்.
அந்த மகன் கேட்டார்,
"இப்ப எங்கக்கா இருக்காரு?"
விழுப்புரம் தாண்டியிருப்பார் என்றேன்,
ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.
டிக்கெட் கொடுத்த ரூட்டுதான் என்றார்.

வேம்புலி தட்டினார்:
ஒச்சப்பன். மூணு புள்ளியும் இருக்கு.

காலையில் சார் எட்டிப் பார்த்தார்.
"படமே இல்லியேம்மா இதுல" என்றார்.
எஸ்டிடி ரசீதை நீட்டினேன்,
கூட்டிப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

முதல் பிளாப்பி காலியாக வேண்டியிருந்தது,
கல்யாணப் பத்திரிகை நகல்கள் வைக்க.
குட்டித் தொலைபேசியை
இழுத்துக்கொண்டு போய்க்
குப்பைத்தொட்டியின் மேல் விட்டேன்.
தொட்டி வயிறு உப்பியது.